ஜன்னலுக்கு நேரே நிற்கும் வண்டி

“மனுஷன் பொய் சொல்லுவான், மெஷின் பொய் சொல்லாது. இந்த உலகத்துல கடைசி வரைக்கும் நம்பத் தகுந்தது மெஷின் ஒண்ணுதான்.”

இந்த மகத்தான உண்மையை அறிவித்தபோது என் நண்பனின் சித்தப்பா ஒரு புல் வெட்டும் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். மூக்கில் புல். வாயில் ஒரு போல்ட்டு. அதை வெளியே எடுத்துவிட்டுத்தான் சொன்னார் என்பதால் வார்த்தை தெளிவாகவே கேட்டதாம். அதற்கு மூன்றாம் நாள், தன் வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு மெஷினைப் பற்றி அவரே கைப்பட ஒரு பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏன் போட்டார் என்பதுதான் கதை.

கரண்ட் இப்போதைக்கு வராது, வாட்ச்மேனே சொல்லிவிட்டார். எல்லோரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மெழுகுவத்தியைக் கணக்குப் பிரிவு அண்ணன் பக்கம் நகர்த்துங்கள், அவர் பயப்படுவது நமக்குத் தெரிய வேண்டும். நான் நின்றுகொண்டே சொல்கிறேன். முதுகுப் பிடிப்பு. நம் ஆபீஸ் டூர் பஸ்ஸிலும் நின்றுகொண்டுதானே வந்தேன், பார்த்தீர்கள் அல்லவா...

சித்தப்பாவை ஊரில் டெஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். குத்திப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார். பம்பு, ஜெனரேட்டர், புல் வெட்டும் மெஷின், எஞ்சின் என்று பெயர் இருந்தால் போதும், பிரித்துவிடுவார். அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. யாருக்காகவும் எழுந்து நிற்க மாட்டார். கொள்கை. ஒரு பெரிய அதிகாரி அவருடைய ரிப்பேர் கடைக்குள் வந்து பத்து நிமிடம் நின்றபோதுகூட ஸ்டூலை விட்டு ஓர் அங்குலம் அசையவில்லை. வந்தவர் கோபித்துக்கொண்டு போனதை ஊரே பேசியது. ஊர் பேசாத நாளில் சித்தப்பா பேசினார். சித்தி மட்டும் அதற்கு வேறு விளக்கம் வைத்திருந்தாள். “கொள்கையாவது ஒண்ணாவது. சோறு வச்சாக்கூட ஸ்டூலோட நகர்ந்து வர்ற ஆளு அவரு.”

செவ்வாய்க்கிழமை. மாலை நான்கரை மணி. ஊரைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் ஒரு சாலை. வீடு கிடையாது, கடை கிடையாது. இரண்டு பக்கமும் உயரமான மரம். காற்றே இல்லை... ஆனால் இலை மட்டும் சரசரக்கிறது. சித்தப்பாவின் ஸ்கூட்டர் சத்தம் முன்னால் போய் எதிலோ பட்டுத் திரும்பி வருகிறது. பின்னாலேயே இன்னொருவர் இன்னொரு ஸ்கூட்டரில் வருகிற மாதிரி. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாராம். பயத்தினால் அல்ல. சைலன்சரில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தாராம்.

சாலை முடிகிற இடத்தில் ஒரு பயிற்சி நிறுவனம். என்ன பயிற்சி என்பது அங்கே வேலை பார்ப்பவர்களுக்கே சரியாகத் தெரியாது. அதிகாரிகளுக்கு அதிகாரம் செய்யக் கற்றுத்தருகிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை உண்டாக்கியவர் பெரிய ஐயா. அவர் இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. இறந்த விஷயம் நிர்வாகத்துக்கு இன்னும் முறைப்படி தெரிவிக்கப்படவில்லை போலிருக்கிறது. மாடியில் அவர் அறை அப்படியே இருந்தது. நாற்காலியைத் தினமும் துடைத்து மேஜைக்கு அடியில் தள்ளி வைத்தார்கள். எந்தக் கோப்பாக இருந்தாலும் ஓர் இரவு அந்த மேஜையில் கிடந்துவிட்டுத்தான் மறுநாள் கீழே வரும். ஐயா ஒன்றும் எழுதவில்லை என்றால் சம்மதம். உயிரோடு இருந்தபோதும் அவர் ஒன்றும் எழுதியதில்லை என்பதால், நிர்வாகத்தில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை.

கோப்பை மேலே வைத்து, கீழே கொண்டுவந்து, அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்கிறவர் மேனேஜர். அவருக்கு மேற்படியார் என்று பெயர். வைத்தவர்கள் யாரென்று தெரியாது, ஆனால் பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். சித்தப்பா ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் வந்து நின்று சொன்னார்.

“மேற்படி வண்டி, மேற்படி ஜன்னலுக்குக் கீழ, மேற்படி நேரத்துல தினமும் நின்னுபோகுது. காரணம் மெஷினா ஆளான்னு எனக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள எழுத்துல வேணும்.”

மேற்படி ஜன்னல் என்றால் பெரிய ஐயா அறையின் ஜன்னல். மேற்படி நேரம் என்றால் மாலை ஆறு மணி. மேற்படி வண்டி என்றால் உட்கார்ந்து ஓட்டுகிற புல் வெட்டும் வண்டி. சிவப்பு நிறம், முன்னால் எஞ்சின், பின்னால் இருக்கை, வயிற்றுக்கு அடியில் சுழலும் கத்தி. ஐயாவின் மகன் சின்னவர் வாங்கிக்கொடுத்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் இருந்தது கையால் தள்ளுகிற மெஷின். விற்றவர்கள் அனுப்பிய ஆள் ஒருநாள் காலை பதினோரு மணிக்கு வந்து முழு மைதானமும் ஓட்டிக் காட்டினான். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ஆகவே மேற்படியாருக்குச் சந்தேகம் ஓட்டுகிறவர்மேல்.

ஓட்டுகிறவர் தோட்டக்காரர். ஐம்பத்தெட்டு வயது, இருபத்தாறு வருட சர்வீஸ். பம்பு அறைக்குப் பின்னால் ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும் அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அதில் அவரும், முழங்கால் வலியோடு அவர் மனைவியும். வேலை போனால் அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட வேண்டும், விதி அப்படி. சனிக்கிழமை ஐயாவின் சிலைத் திறப்பு. சின்னவர் வருகிறார். தான் வாங்கிக்கொடுத்த வண்டி ஓடுவதைப் பார்க்க ஆசைப்படுகிறாராம். “மெஷின்ல கோளாறுன்னா வித்தவனுக்கு லெட்டர் போடுவேன். ஆள்ல கோளாறுன்னா இவருக்குப் போடுவேன்” என்றார் மேற்படியார். தோட்டக்காரர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் இல்லாத மாதிரியேதான் இந்தப் பேச்சு நடந்தது.

சித்தப்பா வேலையை ஆரம்பித்தார். பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் இறக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் இல்லை. பெட்ரோல் டாங்கு மூடியில் காற்று போகிற பொடி ஓட்டை ஒன்று இருக்கும், அது அடைத்துக்கொண்டால் வண்டி கொஞ்ச நேரம் ஓடி நிற்கும், ஆறிய பிறகு மறுபடி கிளம்பும். ஊதிப் பார்த்தார், அடைப்பு இல்லை. வடிகட்டி சுத்தம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், நீல நிறத்தில் நல்ல பொறி. கீழே படுத்துக் கத்தியைச் சுற்றிப் பார்த்தபோதுதான் மெஷின் பொய் சொல்லாது என்கிற அந்தப் பிரகடனம். ஆகவே, பொய் சொல்வது வேறு யாரோ.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் தோட்டக்காரர் வண்டியை எடுத்தார். முன்புல்வெளியை மாலையில்தான் வெட்ட வேண்டும், அதுவும் தினமும் வெட்ட வேண்டும் என்பது ஐயா காலத்துச் சுற்றறிக்கை. மனிதர்களுக்குச் சவரம் மாதிரி. சித்தப்பா கட்டடத்துக்குப் பின்னால் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். எஞ்சின் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது... டுர்ர்ர் என்று... சட்டென்று இல்லை. யாரோ அதன் வாயைப் பொத்தின மாதிரி. கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு.

அவர் கை துடைத்துக்கொண்டு, கட்டடத்தை முழுசாகச் சுற்றி வந்து பார்த்தபோது தோட்டக்காரர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார். வண்டி ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பிவிட்டது. வெட்டிய புல் வாசனை. பெட்ரோல் வாசனை. அதற்கு நடுவில் மெல்லிசாக... வலிக்குத் தேய்க்கிற தைலத்தின் வாசனை. சித்தப்பா மேலே பார்த்தார். ஜன்னல் சாத்தியிருந்தது.

சித்தப்பாவுக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. பேயை நினைத்து அல்ல, சத்தத்தை நினைத்து. பெட்ரோல் கிடைக்காமல் சாகிற எஞ்சின் இருமி, தும்மி, குலுங்கித்தான் சாகும். இது விளக்கை அணைத்த மாதிரி அணைகிறது. அப்படியானால் கோளாறு பெட்ரோலில் இல்லை, மின்சாரத்தில். பிளக்குக்குப் பொறி கொடுக்கிற இக்னிஷன் காயில் ஒன்று அதில் உண்டு, சூடானால் படுத்துக்கொள்ளும். புதன்கிழமை அதைப் புதிதாகவே மாற்றினார். மாற்றிவிட்டு, யாரிடமும் சொல்லாமல், ஐந்தே முக்காலுக்கு ஒரு குரோட்டன்ஸ் செடிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். தோட்டக்காரர் ரகசியமாகச் சாவியை அணைக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

அங்கிருந்து பார்த்தால் அலுவலக ஜன்னலில் திரைச்சீலை இரண்டு விரல் அளவு விலகியிருந்தது. அதன் வழியாக மேற்படியார் வேவு பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டக்காரரை அல்ல, குரோட்டன்ஸ் செடியை. மெக்கானிக்கும் தோட்டக்காரரும் கூட்டு என்று அவருக்கு அதற்குள் தோன்றிவிட்டது. சித்தப்பாவுக்கோ, மேற்படியாரே சாயங்காலமானால் எதையோ செய்துவிட்டுத் திரைக்குப் பின்னால் நிற்கிறார் என்று தோன்றியது. ஆக, அந்தப் பெரிய புல்வெளியில் சந்தேகப்படாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் தோட்டக்காரர் ஒருவர்தான்.

வண்டி வந்தது. ஜன்னலுக்கு இருபது அடி... பத்து அடி... நேரே. தோட்டக்காரர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தார். முதுகு வளைந்தது. பின்புறம் இருக்கையை விட்டு நான்கு விரல் மேலே போனது. எஞ்சின் அணைந்தது. அப்படியே நின்றார். முழுசாக எழவும் இல்லை, உட்காரவும் இல்லை. சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். நாலு நிமிஷம். பிறகு தோட்டக்காரர் ஏதோ நினைவு வந்தவர் போல மெதுவாக உட்கார்ந்து, கத்தியை நிறுத்தி, பிரேக்கை மிதித்து, சாவியைத் திருப்பினார்.

சித்தப்பா செடிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார்.

“அண்ணே, எதுக்கு எந்திரிச்சீங்க?”

“நானா? நான் எங்க தம்பி எந்திரிச்சேன்?”

நடிப்பு இல்லை. அந்த முகத்தைக் குத்திப் பார்க்க டெஸ்டர் வேண்டியிருக்கவில்லை என்றார் சித்தப்பா. அவரை இறங்கச் சொல்லி, இருக்கையைத் தூக்கிக் காட்டினார். அடியில் விரல் நுனி அளவுக்கு ஒரு சுவிட்ச். ஆள் பாரம் இருந்தால்தான் எஞ்சின் ஓடும். ஆள் எழுந்தாலோ விழுந்தாலோ அந்த நொடியே அணைந்துவிடும், கத்தி காலைச் சாப்பிடக் கூடாது என்பதற்காக. வண்டியில் கோளாறே இல்லை. வண்டி நல்ல வண்டி. செய்ய வேண்டியதைச் செய்கிறது.

தோட்டக்காரர் அந்தச் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். ஐயா தினமும் ஆறு மணிக்கு அந்த ஜன்னலுக்கு வருவாராம். முதலில் கொக்கி டிக் என்னும். அப்புறம் இரண்டு இருமல். மூட்டுக்குத் தேய்த்த தைல வாசனை கீழே வரை வரும். மைதானத்தில் பெஞ்சில் இருப்பவர்கள், படிக்கட்டில் இருப்பவர்கள், எல்லோரும் எழுந்துவிடுவார்கள். ஐயா ஒரு பார்வை பார்த்துவிட்டு, “உட்காருங்க” என்பார். அதற்கப்புறம்தான் உட்கார வேண்டும். ஒருநாள் அவர் அதைச் சொல்ல மறந்துபோய் உள்ளே போய்விட, ஒரு பயிற்சி வகுப்பே எட்டு மணி வரைக்கும் நின்றிருக்கிறது.

“எனக்கு மட்டும் அவர் அதைச் சொன்னதில்ல தம்பி. மெஷினைத் தள்ளிக்கிட்டுப் போறவன் எப்பவும் நின்னுக்கிட்டுத்தானே இருப்பான். இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவைகூடச் சொல்ல வேண்டி வரல. இப்ப அவர் முன்னாடி நான் உட்கார்ந்துக்கிட்டுப் போறேன்...”

கணக்கு அவருக்குப் புரிந்துவிட்டது. மெஷினில் கோளாறு இல்லை என்றால் ஆளில்தான். சித்தப்பாவின் பேனா எந்தப் பக்கம் எழுதுகிறதோ அந்தப் பக்கம் அவர் வீட்டுச் சாவி.

வழி சுலபமானதுதான். விரல் நீள ஒயர் ஒன்றை அந்தச் சுவிட்சின் இரண்டு முனைக்கும் நடுவில் முறுக்கிவிட்டால் போதும், யார் எழுந்தாலும் வண்டி ஓடும். சித்தப்பா ஒயரைக் கையிலும் எடுத்துவிட்டார். பிறகு தோட்டக்காரரின் வெறும் காலைப் பார்த்தார். ஓடுகிற வண்டியில், கத்தி சுழலுகையில், அரைகுறையாக எழுந்து நிற்கிற ஐம்பத்தெட்டு வயது மனிதர். ஒயரைப் பையில் போட்டுக்கொண்டார். “நாளைக்கு எந்திரிக்காம ஓட்டுங்க அண்ணே. அவ்வளவுதான் ரிப்பேர்.”

வியாழக்கிழமை தோட்டக்காரர் ஒரு துண்டு கொண்டுவந்தார். பருத்தித் துண்டு, புதுசு. இடுப்பைச் சுற்றி, இருக்கையின் முதுகோடு சேர்த்துக் கட்டச் சொன்னார். சித்தப்பாவே கட்டினார். அவர் போட்ட முடிச்சைப் பிறகு அவராலேயே அவிழ்க்க முடியாது, அப்படிக் கட்டுவார். ஆறு மணி. ஜன்னலுக்கு நேரே... சர்ர் என்று ஒரு சத்தம். எஞ்சின் அணைந்தது.

முடிச்சு முடிச்சாகவே இருந்தது. துண்டுதான் குறுக்கே கிழிந்திருந்தது. புதுத் துண்டு. தோட்டக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நான் இழுக்கலை தம்பி, நான் இழுக்கவே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சித்தப்பா கிழிசலைத் தடவிப் பார்த்தார். பிறகு முகர்ந்து பார்த்தார். எதற்கு முகர்ந்தார் என்று நானும் நண்பனும் கேட்டபோது, பழக்கம் என்றார். என்ன வாசனை என்று கேட்டோம். அவர் உள்ளே திரும்பிச் சித்தியிடம் காபி கேட்டார்.

வெள்ளிக்கிழமை மேற்படியார் ஒரு தாளோடு வந்தார். நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்திருந்தார். இடது பக்கம் இயந்திரம். வலது பக்கம் ஆள். எதில் டிக் போடுகிறீர்கள் என்றார். முகத்தில் ஒரு மலர்ச்சி. தோட்டக்காரருக்கான கடிதத்தை அவர் ஏற்கெனவே அடித்து வைத்துவிட்டார் என்பது சட்டைப் பையிலிருந்து எட்டிப்பார்த்த மடிப்பிலேயே தெரிந்தது.

சித்தப்பாவுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நல்ல யோசனையா திமிரா என்று அவராலேயே இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை. “நான் ஓட்டுறேன். உலகத்துல எவனுக்கும் எந்திரிக்காதவன் நான். எனக்குக் கீழயும் வண்டி நின்னுச்சுன்னா அது மெஷின் கோளாறுதானே?” மேற்படியாரால் அதை மறுக்க முடியவில்லை. சித்தப்பாவின் திட்டம் ரொம்பச் சாதாரணமானது. ஜன்னலுக்கு நேரே வந்ததும், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கையின் ஓரத்துக்கு நகர்ந்து சுவிட்சை விடுவிப்பது. எழாமலேயே அணைப்பது. தோட்டக்காரர் தப்பிப்பார், கொள்கையும் தப்பிக்கும்.

ஆறுக்கு ஐந்து நிமிடம். மேற்படியார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு புல்வெளி ஓரத்தில் நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைக் கால்சட்டை. தோட்டக்காரர் மரத்தடியில் நின்றார். சித்தப்பா வண்டியில் ஏறி, நன்றாக, அகலமாக, அரசன் மாதிரி உட்கார்ந்தார். கத்தியைச் சுழல விட்டார். வண்டி நகர்ந்தது. புல் நனைந்திருந்தது, மதியம் தண்ணீர் விட்டிருந்தார்கள். இருபது அடி... பத்து அடி...

தைல வாசனை.

டிக் என்று ஒரு கொக்கி.

இரண்டு இருமல். முதல் இருமல் சின்னது. இரண்டாவது, தொண்டையைச் சரி செய்துகொள்கிற மாதிரி...

ஓடுகிற எஞ்சினுக்கு மேலே இருமல் எப்படிக் கேட்கும் என்று கேட்காதீர்கள், அதை நாங்களும் கேட்டோம். இருமல் காதில் விழுந்தபோது எஞ்சின் ஓடவில்லை என்றார் சித்தப்பா. அது எப்போது அணைந்தது என்று அவருக்குத் தெரியாது. ஓரத்துக்கு நகர வேண்டும் என்ற யோசனையே வரவில்லை. கீழே பார்த்தபோது தன் முழங்கால் இரண்டும் வளைந்திருப்பதைப் பார்த்தார். பின்புறத்தில் காற்றுப் பட்டது. கை இரண்டும் ஸ்டியரிங்கில் இல்லை. அவை தொப்புளுக்கு முன்னால், ஒன்றன்மேல் ஒன்றாக, அடக்கமாக இருந்தன. ஸ்டூலை விட்டு அசையாத மனிதர்.

உட்கார நினைத்தாராம். உட்கார முடியாமல் இல்லை. உட்காருவது சரியாகப் படவில்லை, அவ்வளவுதான். தொடை நடுங்க ஆரம்பித்தது. ஒரு நிமிஷம்... மூன்று... பறவைகள் எல்லாம் வாயை மூடிக்கொண்ட மாதிரி இருந்தது. மேலே நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது, பார்க்கவில்லை. ஐந்து நிமிஷம்... ஏழு...

“உட்காருங்க.”

கிழட்டுக் குரல். அன்பாகவும் இல்லை, கோபமாகவும் இல்லை. கோப்பை நகர்த்துகிற மாதிரி ஒரு குரல்.

சித்தப்பா தொப்பென்று உட்கார்ந்தார். மூச்சு வந்தது. இது தோட்டக்காரரின் வேலையாகத்தான் இருக்க வேண்டும், மரத்துக்குப் பின்னாலிருந்து குரலை மாற்றிப் பேசிவிட்டார் என்று முடிவு கட்டித் திரும்பினார். தோட்டக்காரர் மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக்கூட இல்லை. சித்தப்பா இந்தப் பக்கம் திரும்பினார்.

மேற்படியாரும் உட்கார்ந்திருந்தார். ஈரப் புல்லில். வெள்ளைக் கால்சட்டையோடு. காலை நீட்டி, சின்னக் குழந்தை மாதிரி.

கொஞ்ச நேரம் கழித்து மேற்படியார் எழுந்து, பின்புறம் பச்சையாகத் தெரிய, நடந்து வந்து தாளை நீட்டினார். தான் எந்தக் குரலையும் கேட்கவில்லை என்றார். யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை. தலை சுற்றியதால் உட்கார்ந்தாராம். சித்தப்பா டெஸ்டரை எடுத்துப் பார்த்துவிட்டுப் பையிலேயே போட்டுக்கொண்டு, பேனா கேட்டு வாங்கி, இடது பக்கம் டிக் போட்டார். ‘இருக்கை சுவிட்சில் கோளாறு. மாற்றப்பட்டது.’ கீழே கையெழுத்து. சுவிட்சை மாற்றியது உண்மை. கழற்றிய பழைய சுவிட்ச் இன்றைக்கும் அவர் கடை மேஜையில் இருக்கிறது. நானே குத்திப் பார்த்தேன். நன்றாக வேலை செய்கிறது.

விதிப்படி அந்த அறிக்கை அன்று இரவு ஐயாவின் மேஜையில் இருந்தது. சனிக்கிழமை காலை மேற்படியார் பூட்டைத் திறந்தபோது தாளில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சம்மதம். ஆனால் முந்தின நாள் மதியம் துடைத்து மேஜைக்கு அடியில் தள்ளி வைத்த நாற்காலி, பின்னுக்கு நகர்ந்து, ஜன்னல் பக்கமாகத் திரும்பியிருந்ததாம். யாரோ எழுந்து போன மாதிரி. ஜன்னல் உள்பக்கம் கொக்கி போட்டிருந்தது. இதை மேற்படியார் அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்துச் சித்தப்பாவின் கடைக்கு வந்து, ஒரு மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுக்கிற சாக்கில் சொல்லிவிட்டுப் போனார். மிக்ஸியில் எந்தக் கோளாறும் இல்லை.

சிலைத் திறப்பு அன்று சின்னவர் பார்க்கத் தோட்டக்காரர் வண்டியை ஓட்டினார். ஆறு மணி. ஜன்னலுக்கு நேரே. நிற்கவில்லை. முதுகை நிமிர்த்தி, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு போனார். அதற்குப் பிறகு ஒரு நாளும் நிற்கவில்லை. சித்தப்பா அவரைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தக் குரல் உங்களுடையதுதானே என்று ஒரு தடவை கேட்டுவிட்டார். தோட்டக்காரருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

“என்ன தம்பி இப்படிக் கேக்குறீங்க? உங்ககூட எனக்கும் சேர்த்துத்தானே சொன்னாரு.”

பம்பு அறைக்குப் பின்னால் அந்த வீட்டில்தான் இன்னும் இருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் குறையவில்லையாம்.

எனக்கு இதில் ஒரு வார்த்தையைக்கூட நம்பப் பிடிக்கவில்லை. சித்தப்பா எழுந்ததற்குக் காரணம் நிலத்தில் ஒரு மேடு, வண்டி தூக்கிப் போட்டிருக்கும், மீதியெல்லாம் மானத்தைக் காப்பாற்றக் கட்டியது என்று நண்பனிடம் பந்தயமே கட்டினேன். போன மாதம் இரண்டு பேரும் நேரில் போனோம். அதே சாலை, அதே மரம். ஜன்னலுக்குக் கீழே குனிந்து, காலால் தேய்த்து, நூல் பிடித்துப் பார்த்தேன். மேடு இல்லை. பலகை மாதிரி சமம். தோட்டக்காரர் சிரித்துக்கொண்டே, ஏறி ஓட்டிப் பாருங்க தம்பி என்றார். ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. ஏறினேன்.

நிஜமாகச் சொல்கிறேன், பயப்படும்படி எதுவும் நடக்கவில்லை. கொக்கிச் சத்தம் இல்லை. இருமல் இல்லை. தைல வாசனையும் இல்லை, புல் வாசனை மட்டும்தான். ஜன்னலுக்கு நேரே எஞ்சின் அணைந்தது. என் கால் மரத்துப்போயிருக்க வேண்டும், கொஞ்சம் எழுந்திருந்தேன். அப்படியே காத்திருந்தேன். நண்பன் தூரத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தான். தோட்டக்காரர் குழாயை மூடப் போயிருந்தார். பத்து நிமிஷம்... இருபது நிமிஷம்... ஜன்னலிலிருந்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இருட்டிவிட்டது. இறங்கி வந்துவிட்டேன்.

அது நடந்து முப்பத்திரண்டு நாள் ஆகிறது.

முதுகுப் பிடிப்பு என்று சொன்னேன். எனக்கு முதுகில் ஒன்றும் இல்லை.